வானம் பார்த்த கோழிகள்

"டேய் பெரியவனே, நல்லாக் கேட்டுக்கோ. உலகத்துல எவனும் செய்யாததை இன்னிக்கு நம்ம வீட்டுல செஞ்சாச்சு. ரெண்டே ரெண்டு வார்த்தை. உன் தம்பி ஒண்ணு, உன் பொண்டாட்டி ஒண்ணு. அவ்வளவுதான். சாகக் கிடந்த அஞ்சாயிரம் கோழியும் துள்ளி எழுந்து நின்னுடுச்சு!"

கண்டக்டர் போனைக் காதில் வைத்துப் பேசவில்லை. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பின்படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வரச் சொல்வதுபோல் கத்தினார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. குரல் மட்டும் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

மறுமுனையில் அவருடைய மூத்த மகன். சோளம் ஏற்றிய லாரியை எங்கோ சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகக் காலை நீட்டியிருந்தான்.

"அப்பா, போன வாரம் பெருச்சாளி ஒண்ணு தீவன மூட்டையைத் தோள்ல தூக்கிட்டுப் போச்சுன்னீங்க."

"போச்சுடா! நானே வழி விட்டேன்."

"பக்கத்துல நம்பற மாதிரி ஆள் யாராவது இருக்காங்களா? இருந்தா போனைக் குடுங்க."

இருந்தார். கோழி டாக்டரம்மா. தண்ணீர்த் தொட்டி அருகே, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். பொய் என்றால் அவருக்கு ஊசி போட்டு விரட்ட வேண்டிய வியாதி. போனை ஈரக்கையோடு வாங்கியவர் ஒரே போடாகப் போட்டார்.

"பேச்சால எந்தக் கோழியும் எழுந்திரிக்காது சார். நானும் இத்தனை பண்ணை பாத்துட்டேன்."

கண்டக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "டாக்டரம்மா, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

டாக்டரம்மா யோசிக்க ஆரம்பித்தார்.

அவர் யோசிக்கட்டும். போன் அப்படியே இருக்கட்டும். பெரியவனுக்கு ஒன்றும் சிரமமில்லை, பாதி ஆயுளைச் சோதனைச் சாவடியில் காத்திருந்தே கழித்தவன். அதற்குள் நாம் காலையில் நடந்ததைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

போன வாரம் தீனி கலக்கும் மிக்சர் அறை வாசலில் நடந்த சண்டை ஊருக்கே கேட்டிருக்கும். கேட்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வீட்டில் கோழிக்குத் தீனி கலப்பவள் பெரிய மருமகள். ஷெட்டையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்பவன் அவளுடைய கொழுந்தன், சின்னவன். ஷெட்டைக் கம்பெனிக்கே விட்டுவிடலாம், குஞ்சு அவர்களுடையது, தீனி அவர்களுடையது, நாம் வளர்த்துக் கொடுத்தால் போதும் என்று அவன் ஆரம்பித்தான். அவள் முடியாது என்றாள்.

"உங்க கலவையை நம்பிக் கோழி வளக்கறதுக்கு, கண்ணை மூடிட்டு ரோட்டைத் தாண்டலாம் அண்ணி."

"என் தீனியில இல்லாத சத்து உன் தண்ணியில என்னடா இருக்கு? கலர் தண்ணி!"

கடைசியில் அவளே வீம்பாக ஒரு கோடு போட்டாள். "இந்த பேட்ச் தேறட்டும், பாப்போம். தேறலைன்னா நானே மிக்சரை நிறுத்திடறேன். அப்புறம் உன் கம்பெனியைக் கூட்டிட்டு வா."

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேசாமல் இருப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள், ஒரே கோழிப்பண்ணையில் பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நூறு சேதி. அத்தனைக்கும் தபால்காரர் கண்டக்டர். அவரிடம் ஒரு வரி கொடுத்தால் போய்ச் சேரும்போது அது ஒரு பக்கமாகியிருக்கும்.

"மாமா, குழாயைக் கொஞ்சம் கழுவி விடச் சொல்லுங்க," என்று அவள் சொல்லுவாள். அவர் போய், "குழாய்க்குள்ள பாசி காடா வளந்து கெடக்காம். புலி வராததுதான் பாக்கின்னு உங்க அண்ணி சொல்றா," என்பார்.

"தீனி இன்னும் ஒரு ட்ரே வேணும்பா," என்று அவன் சொல்லுவான். அவர் வந்து, "கோழியெல்லாம் பசியில ஒண்ணையொண்ணு பாத்து நாக்கைச் சப்புக்கொட்டுதாம்," என்பார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சும்மா சொன்னால் சேதிக்கு மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

அதனால் அவள் சேதிகளைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அவசியமானதை மட்டும் சொல்வது. பிறகு மிக அவசியமானதை மட்டும். அவனும் அப்படித்தான். இருவருக்கும் அலுத்துவிட்டது. எந்த அளவுக்கு அலுப்பு என்றால், அவள் ஒரு கொட்டாவி விட்டால் அது மிக்சர் அறையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ஷெட்டில் கடைசி வரிசைக் கோழியின் வாயில் போய்த்தான் முடியும்.

அன்று காலையும் அப்படித்தான். இமையில் சோள மாவு, முதுகில் பழைய வலி. கணவனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் கலவைக்கு உட்கார்ந்தாள்.

வைட்டமின் பொடி என்பது கைக்கு அடக்கமான பொருள். மலைபோல் கிடக்கும் சோளத்துக்கும் சோயாவுக்கும் நடுவில் அதை அப்படியே கொட்டினால், ஒரு கோழிக்கு முழுவதும் கிடைக்கும், ஒன்பது கோழிக்கு வாசம்கூடக் கிடைக்காது. அதனால் முதலில் ஒரு குத்துச் சோள மாவோடு அதைப் பிசறுவாள். பிறகு அதை ஒரு வாளி மாவோடு. பிறகுதான் மிக்சர். தாது உப்பு மூட்டை எப்போதும் எதிர்மூலையில்தான் இருக்கும். இரண்டையும் ஒரே மூட்டையில் நாள்கணக்கில் போட்டு வைத்தால் தாது உப்பு வைட்டமினைத் தின்று தீர்த்துவிடும்.

"உன்னையும் சின்னவனையும் மாதிரி," என்று கண்டக்டர் ஒருமுறை சொன்னார். "பக்கத்துல பக்கத்துல வெச்சா நாசம். ஆனா கோழி வயித்துக்கு ரெண்டும் வேணும்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

வாளியில் கையை விட்டுப் பிசறிக்கொண்டிருந்தபோதுதான் கண்டக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா! எழுந்திரு! கோழியெல்லாம் வானத்தைப் பாத்து நட்சத்திரம் எண்ணுது!"

"காலைல ஏது மாமா நட்சத்திரம்?"

"அதனாலதான்மா தலையைத் தூக்கித் தேடுதுங்க! அஞ்சாயிரம் கோழி, பத்தாயிரம் கண்ணு. ஒண்ணுகூடத் தரையைப் பாக்கலை!"

"சரி மாமா. எண்ணி முடிச்சதும் எத்தனைன்னு கேட்டுட்டு வாங்க."

அவர் போகவில்லை. நின்றார். அவர் வாய் பேசாமல் நின்றதை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. கையைக்கூட உதறாமல் எழுந்து ஓடினாள்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் காதில் பட்டது சத்தக்குறைவு. பிறகுதான் கண்ணில் பட்டது. தெற்குச் சுவர் ஓரமாக, கையகலத் தூரத்துக்கு ஒன்றாக, கோழிகள் கணுக்காலில் குந்தியிருந்தன. கால்கள் முன்னால் விறைத்திருந்தன. கழுத்து பின்னால் வளைந்து, தலை முதுகைத் தொட்டு, அலகு நேராகக் கூரையைக் காட்டியது. தீனித் தட்டு பக்கத்திலேயே இருந்தது. குனிந்து கொத்தத்தான் கழுத்து வரவில்லை. ஒன்று எழப் பார்த்தது, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து விழுந்தது.

அஞ்சாயிரம் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று தலையைத் தூக்கியது. மாமனார் கூட்டிச் சொல்லியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அவர் கணக்கு மெய்யாகிவிடும் போலிருந்தது.

சின்னவன் ஏற்கெனவே அங்கே மண்டியிட்டிருந்தான். கையில் ஒரு கோழி. அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். வீம்பு நடுவில் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

அவன் கையிலிருந்த கோழியிடம் சொன்னான்: "தீனி சரியில்லைன்னா இப்படித்தான் ஆகும் உனக்கு."

அவள் தீனித் தட்டிடம் சொன்னாள்: "தண்ணி கெட்டா, தீனி மேலதான் பழியைப் போடுவாங்க."

கோழிக்கும் தட்டுக்கும் இதில் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

டாக்டரம்மா வந்தபோது வெயில் ஏறியிருந்தது. செத்துக் கிடந்த ஒன்றை மேசையில் போட்டு அறுத்துப் பார்த்தார். குடலைப் பார்த்தார், ஈரலைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கண்ணில் படும்படி ஒன்றுமில்லை. இன்னொன்றை அறுத்தார். அதிலும் ஒன்றுமில்லை.

"வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தோம்," என்றார் கண்டக்டர்.

"குடுத்தாலும் சில சமயம் வரும். கழுத்துத் திருகல் இருக்கே..." அவர் குரல் தணிந்தது. "வேற மருந்து ஏதாவது? ரத்தக் கழிச்சலுக்கு ஏதாவது குடுத்தீங்களா? எவ்வளவு? ரெண்டு பேரையும் கேட்டுட்டு வாங்க ஐயா."

கண்டக்டர் மிக்சர் அறைக்கு ஓடினார். அவள் வாளியை முறைத்தபடி, "அளவாத்தான் மாமா," என்றாள். அவர் தொட்டிக்கு ஓடினார். அவன் குழாயை முறைத்தபடி, "அளவாத்தான்பா," என்றான்.

அவர் திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் சொன்னார்: "அளவாத்தானாம்."

அவ்வளவுதான். ஒரு புலி இல்லை, ஒரு காடு இல்லை. பயத்தில், வாழ்நாளிலேயே முதல் தடவையாக அவர் எதையும் கூட்டாமல் ஒரு சேதி சொன்னார். அந்த ஒரு சேதிதான் அந்தக் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "அப்ப நான் மேலதிகாரிங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும். சந்தேகம்னாலே ஷெட்டைப் பூட்டச் சொல்வாங்க. சுத்துவட்டாரத்துல எத்தனை பண்ணை இருக்கு, பரவ விட முடியாது. பின்னாடி காலி இடம் இருக்கில்ல? குழி வெட்ட ஆள் சொல்லி வைங்க."

"எத்தனை கோழிக்கு?" என்று கேட்டார் கண்டக்டர்.

டாக்டரம்மா ஷெட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

மிக்சர் அறையில் அவளுக்கு எல்லாம் கேட்டது. எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். மிக்சர் ஒரு முனகலோடு நின்றது. அவள் வைட்டமின் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குழி என்றதும் அவளுக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. அப்பாடா. நாளைக்கு வாளி இல்லை. பிசறல் இல்லை. இமையில் மாவு இல்லை. முதுகை நீட்டிப் படுக்கலாம். கம்பெனி வரும், அவர்கள் மூட்டை வரும், பிரித்துக் கொட்டினால் தீர்ந்தது.

அந்த 'அப்பாடா'வைக் கண்டு அவளே மிரண்டு போனாள். சொந்த வீட்டுக்குள் திருடன் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. இத்தனை காலம் தன் கை பட்ட தீனியைத் தின்று வளர்ந்தவை. தன் தீனியால் செத்தன என்ற பெயரோடு குழிக்குள் போகப் போகின்றன. அதையும் மாமனார் வாய் வழியாகத்தான் உலகம் கேட்கப் போகிறதா?

எழுந்தாள். முழங்கால் கிறீச்சென்றது. வெளியே வந்தாள்.

"இரும்மா, நான் போய்ச் சொல்றேன்," என்று எதிரே வந்தார் கண்டக்டர்.

"வேணாம் மாமா. இதை நானே சொல்லிக்கறேன்."

டாக்டரம்மா போனில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னவன், கையில் அறுந்த குழாய்த் துண்டோடு, மண்ணைப் பார்த்தபடி.

"டாக்டர், நான் என்னென்ன போட்டேன்னு முழுசாச் சொல்லிடறேன். அப்புறம் நீங்க யாருக்கு வேணா போன் பண்ணுங்க." அவள் விரலை மடக்கினாள். "சோளம். சோயா. தாது உப்பு எப்பவும் போடறதுதான். வைட்டமின் புது மூட்டை, போன வாரம்தான் பிரிச்சேன். அப்புறம் மழை விட்டு ஈரமா இருந்துச்சு, ரத்தக் கழிச்சல் வந்துடக் கூடாதேன்னு அந்த மருந்தும் தீனியில கலந்தேன். பாக்கெட்ல போட்ட அளவுதான். அதுக்கு மேல ஒரு சிட்டிகை இல்லை."

குழாய்த் துண்டு சின்னவன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"தீனியிலயுமா?" என்றான்.

அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது. நேராக அவள் முகத்தைப் பார்த்து. அவள் திரும்பினாள். அவன் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தாள்.

"தண்ணியிலயுமா?" என்றாள்.

டாக்டரம்மாவின் விரல் போனின் மேல் அந்தரத்தில் நின்றது. தூரத்தில் ஒரு கோழி குட்டிக்கரணம் அடித்து விழும் சத்தம்கூடக் கேட்டது.

"திருப்பிச் சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு பேரும். மெதுவா."

சொன்னார்கள். ஈரத்தைப் பார்த்து அவள் தீனியில் கலந்திருக்கிறாள். அதே ஈரத்தைப் பார்த்து அவன் தண்ணீரில் கலந்திருக்கிறான். அவனவன் பங்குக்கு அளவாகத்தான். அந்தச் சேதியை மாமனாரிடம் கொடுத்து அனுப்ப இருவருக்குமே அலுப்பு.

"சரி, வழக்கமா தண்ணியில குடுக்கற பி-காம்ப்ளெக்ஸ் சத்து என்னாச்சு?" என்றார் டாக்டரம்மா.

சின்னவன் தலையைச் சொறிந்தான். "நிறுத்திட்டேன். கலர் தண்ணின்னாங்க, அதான்... தீனியிலயே எல்லாம் இருக்கும்னு விட்டுட்டேன்."

"நீங்க தீனியில அதைக் கொஞ்சம் கூட்டினீங்களா அக்கா?"

"அவன் தண்ணியில குடுக்கறான்னு நெனச்சேன்."

டாக்டரம்மா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். "வேண்டாததை ரெண்டு பேரும் போட்டிருக்கீங்க. வேண்டியதை ரெண்டு பேரும் விட்டிருக்கீங்க."

பிறகு அவர் சொன்னது இதுதான். ரத்தக் கழிச்சல் மருந்து, பி-காம்ப்ளெக்ஸில் இருக்கும் பி-ஒன் வைட்டமின் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு போகிற மருந்து. கழிச்சல் கிருமி அதைச் சத்து என்று நம்பி விழுங்கும், பட்டினியில் சாகும். அளவோடு இருந்தால் கிருமி மட்டும் ஏமாறும். அளவு மீறினால் கோழியும் ஏமாறும். பி-ஒன் உள்ளே நுழைய வழியில்லாமல் நரம்பு வாடி, கழுத்து வானத்தைப் பார்க்கும்.

"அப்ப வெள்ளைக் கழிச்சல் இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"இல்லைன்னு சாயங்காலம் கோழியே சொல்லும். பி-ஒன் ஏத்தினா சில மணி நேரத்துல தலை குனியணும். குனியலைன்னா நான் போன் பண்றேன்." போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "அந்தத் தீனி ஒரு மணிகூட உள்ளே இருக்கக் கூடாது. அந்தத் தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாது. ஆரம்பிங்க."

அதற்கப்புறம் அந்தப் பண்ணையில் நடந்த வேலையைச் செய்ய, சாதாரணமாக ஒரு ரெஜிமெண்டைக் கூப்பிடுவார்கள். இங்கே இருந்தது நாலு பேர், அதில் ஒருவர் ஓய்வு பெற்றவர்.

தட்டுத் தட்டாகத் தீனியை வாரி மூட்டையில் கொட்டினார்கள். அவள் மிக்சரை மறுபடி ஓடவிட்டு, மருந்தில்லாத புதுக் கலவை கலந்தாள். குத்து, வாளி, மிக்சர். கை தானாகப் போயிற்று. முதுகு இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது, இல்லாவிட்டால் என்ன செய்வது? சின்னவன் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, குழாய் வரிசை முழுவதும் தண்ணீரை விரட்டி விட்டான்.

ஷெட்டின் இந்த முனையில் வால்வு, அந்த முனையில் தொட்டி. இடையில் கத்தினால் கேட்காது. கண்டக்டர் உள்ளே போய், பெட்டியைக் கிளறி, தன் பழைய விசிலை எடுத்து வந்து நடுவில் நின்றார். ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் திற.

பீப். பீப் பீப்.

ஒரு தவறுகூட வரவில்லை. விசிலில் கூட்டிச் சொல்ல வழியில்லை.

"மாமா, முன்னாடியே இந்த விசிலை எடுத்திருக்கலாம்," என்றாள் அவள், மூட்டையோடு கடந்து போகையில்.

"கண்டக்டர் விசில் அடிச்சா அர்த்தம் என்ன தெரியுமா? உள்ள இருக்கறவங்க சண்டை போட்டாலும் வண்டி நகரணும்!"

நிற்க முடியாத கோழிகளைத் தனியாக எடுத்தார்கள். டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே போனார். விழுங்கக் கூடியவற்றுக்கு அவளும் சின்னவனும் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார்கள். எதிரெதிரே, ஒரே வாளியைப் பங்கு போட்டுக்கொண்டு.

"அண்ணி, கழுத்தைத் தாங்கிப் பிடிங்க, புரை ஏறும்."

"தெரியும்டா. நீ கொஞ்சம் நகரு, வெளிச்சத்தை மறைக்காத."

"மூஞ்சி பூரா மாவு. பேய் மாதிரி இருக்கீங்க."

"நீ மட்டும் என்ன மாப்பிள்ளை மாதிரியா இருக்க? கண்ணாடில பாத்தா உனக்கே பொண்ணு குடுக்க மாட்ட."

எல்லாம் பிழைக்கவில்லை. சில, கையிலேயே கனத்துப் போயின. அவற்றை அவள் ஓரமாக வைத்தாள். வெயில் சாய்ந்தது. ஒரு கோழியை மடியில் வைத்தபடி சுவரில் சாய்ந்தவள், கண்ணை மூடினாளா, இல்லை கண் தானாக மூடியதா, தெரியாது.

டக்.

நெஞ்சில் ஏதோ இடித்தது.

டக் டக்.

கண்ணைத் திறந்தாள். மடியிலிருந்த கோழியின் கழுத்து இறங்கியிருந்தது. தலை நேராக இருந்தது. அது அவள் சட்டையின் மேல்பொத்தானைக் கொத்திக்கொண்டிருந்தது. மக்காச்சோள மணி என்று நினைத்திருக்கும். கிடைக்காத கோபத்தில் இன்னும் ஓங்கிக் கொத்தியது.

அவள் அசையவில்லை. "சின்னவனே," என்றாள் மெல்ல. "இங்க பாரு."

அவன் பார்த்தான். பிறகு சுவரோரம் பார்த்தான். ஒன்று கால் உதறி எழுந்து நின்றது. ஒன்று தள்ளாடித் தள்ளாடித் தட்டுக்குப் போய், குனிந்து, முதல் கொத்து கொத்தியது. அதைப் பார்த்து இன்னொன்று.

பொத்தான் அறுந்தது. கோழி அதை விழுங்குவதற்குள் அவள் பிடுங்கிக்கொண்டாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் போலிருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சின்னவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கையைத் தேய்த்தான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். நாளைக்குக் காலைல ஒருத்தர் வராரு."

"கம்பெனி ஆளா?"

"இல்ல. மிக்சரைப் பாக்க. விலை பேச." அவன் தலை குனிந்திருந்தது. "இந்த பேட்ச் தேறாதுன்னு போன வாரமே நெனச்சுட்டேன். வரச் சொல்லிட்டேன். முன்பணமும் வாங்கிட்டேன். அண்ணனுக்குத் தெரியாது."

அவள் அவனையே பார்த்தாள். கோபம் எங்கேயோ தூரத்தில் கிளம்பி வந்துகொண்டிருந்தது. ஆனால் வந்து சேர இன்று அதற்கு வண்டி கிடைக்காது.

"நாளைக்குச் சண்டை போட்டுக்கலாம்," என்றாள். "இன்னிக்கு என்னால முடியாது."

"சரி அண்ணி."

"ஆனா ஒண்ணு. போடறதை நேருக்கு நேராப் போடணும். மாமா வேணாம்."

"அப்பா வேணாம்," என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

வெளியே கண்டக்டரின் குரல் கேட்டது. பெரியவனிடமிருந்து போன் வந்திருந்தது. "டேய் பெரியவனே, நல்லாக் கேட்டுக்கோ..."

இருவரும் எழுந்து வாசலுக்கு வந்தபோது, டாக்டரம்மா ஈரக்கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். கண்டக்டர், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லச் சொல்லி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவன் மறுமுனையில் பொறுமையாக இருந்தான்.

"டாக்டர்? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்." டாக்டரம்மா ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே பழைய சத்தம் திரும்பியிருந்தது, கொத்தலும் கொக்கரிப்பும் சின்னச் சின்னச் சண்டையும். "உங்க அப்பா சொல்ற மாதிரி அஞ்சாயிரம் இல்ல."

கண்டக்டர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"துள்ளியும் எழுந்திரிக்கல. தட்டுத் தடுமாறித்தான். சிலது எழுந்திரிக்கவே இல்ல. எழுப்பினது பி-ஒன்தான்."

"அதானே பாத்தேன்," என்றான் பெரியவன்.

"இருங்க சார், முடிக்கலை." டாக்டரம்மா அந்த இருவரையும் பார்த்தார். ஒருவன் முழங்கால் வரை சேறு. ஒருத்தி சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. இருவரும் நிற்கத் தெம்பில்லாமல் ஒரே கதவு நிலையில் சாய்ந்திருந்தார்கள். "குழி வெட்டச் சொல்லிட்டு, நான் போனைக் கையில எடுத்துட்டேன். நம்பர்கூட வந்துடுச்சு. அப்பதான் உங்க தம்பி ஒரு வார்த்தை கேட்டாரு, உங்க வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை கேட்டாங்க. அது என் காதுல விழலைன்னா, இந்நேரம் இங்க மண்ணு தள்ளிட்டு இருப்போம்."

அவர் மூச்சை இழுத்து விட்டார்.

"ரெண்டே வார்த்தைதான் சார். உங்க அப்பா சொன்னது நடந்துச்சு."